எம்எஸ் படிக்க ஜெர்மனி போகலாமா என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு

ஒவ்வொரு வருஷமும் பொங்கல் முடிந்தால் எனக்கு வரும் மெசேஜ்களில் பாதி ஒரே கேள்விதான். "அக்கா, ஃபைனல் இயர் மெக்கானிக்கல் படிக்கிறேன், எம்எஸ் பண்ண ஜெர்மனி வரலாமா? முடிச்சா சம்பளம் எவ்வளவு வரும்? பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) சீக்கிரம் கிடைக்குமா?" ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பதில் போடுவதை விட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், முடிந்தால் கட்டாயம் போங்கள். ஆனால் நான் போகச் சொல்லும் காரணம் நீங்கள் கேட்கும் அந்த இரண்டும் இல்லை.

சம்பளம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்துக் கடன் வாங்கிப் போகிற குடும்பத்துக்கு அதுதான் முதல் கவலையாக இருக்கும், இருக்கவும் வேண்டும். ஆனால் வேலை நிலவரம் வருஷத்துக்கு வருஷம் மாறும், விசா விதி ஆட்சிக்கு ஆட்சி மாறும், இவ்வளவு கிடைக்கும் என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. அங்கே போய்ப் படித்ததால் படிப்பு என்பதே எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது, இதை மட்டும் என்னால் அடித்துச் சொல்ல முடியும். மெசேஜில் யாரும் இதைக் கேட்பதில்லை, அதனால் இதைப் பற்றித்தான் நிறைய எழுதப் போகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நாமக்கல். அப்பா லாரி பட்டறையில் வெல்டிங் வேலை செய்பவர். சேஸிஸ் ரிப்பேருக்கு வரும் வண்டிகளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். வெல்டிங் போட்ட இடம் கெட்டியாக அப்படியே இருக்கும், அதை ஒட்டினாற்போல பக்கத்தில்தான் விரிசல் விட்டிருக்கும். ஏன் பக்கத்தில்? அப்பாவிடம் கேட்டால் "இரும்பு சூடு தாங்கல கண்ணு" என்பார். பி.இ. சேர்ந்த பிறகு கல்லூரியில் கேட்டேன். "அது ரெண்டு மார்க் கேள்விம்மா, டெஃபனிஷன் எழுதினா போதும்" என்றார்கள். அந்த ஆசிரியரைக் குறை சொல்லவில்லை, அறுபது பேர் வகுப்பில் போர்ஷனை முடிக்க வேண்டிய அவசரம் அவருக்கு. ஆனால் நான்கு வருஷமும் கேள்வி அப்படியே கிடந்தது.

நான் எம்எஸ் படித்தது ஃப்ரைபெர்க் என்ற சின்ன ஊரில். ஜெர்மனியின் கிழக்கே சாக்சனி மாநிலத்தில் இருக்கிறது, டிரெஸ்டனிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. கறுப்புக் காட்டுப் பக்கம் இதே மாதிரி உச்சரிப்பில் ஒரு பெரிய ஊர் இருக்கிறது, அது வேறு. இங்கே ஜனத்தொகை நாற்பதாயிரம் சொச்சம், நம்மூர்ச் சின்ன நகராட்சி அளவுதான். ஆனால் 1765இல் சுரங்கத் தொழிலுக்கென்றே தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கே இன்றும் நடக்கிறது. இண்டியம் என்ற தனிமத்தை 1863இல் கண்டுபிடித்தது அந்த ஊரில்தான், ஜெர்மானியத்தை 1886இல் கண்டுபிடித்ததும் அங்கேதான்.

ஜெர்மானியம் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் சொல்ல வருவது முழுக்க அதில் இருக்கிறது. ஃப்ரைபெர்க் பக்கத்துச் சுரங்கத்தில் 1885இல் புதிதாக ஒரு வெள்ளித் தாது கிடைத்தது. கிளெமன்ஸ் விங்க்ளர் என்ற வேதியியல் பேராசிரியர் அதைப் பகுத்துப் பார்க்கிறார். வெள்ளி இவ்வளவு, கந்தகம் இவ்வளவு என்று எல்லாவற்றையும் கூட்டினால் நூறு வரவில்லை, ஏறக்குறைய ஏழு சதவீதம் குறைகிறது. திரும்பச் செய்தாலும் அதே ஏழு குறைகிறது. கணக்கு இடிக்கிறதே என்று அவர் விட்டுவிடவில்லை, அந்த ஏழு சதவீதத்தைத் தேடி மாதக்கணக்கில் உட்கார்ந்தார். கடைசியில் 1886 பிப்ரவரியில் புதுத் தனிமத்தையே பிரித்து எடுத்துவிட்டார். தனிம அட்டவணையில் சிலிக்கனுக்குக் கீழே காலியாக இருக்கும் கட்டத்தில் அணு எடை 72 உள்ள ஒரு தனிமம் வர வேண்டும் என்று அந்த அட்டவணையைப் போட்ட மெண்டெலீவ் 1871இலேயே சொல்லியிருந்தார். ஜெர்மானியத்தின் அணு எடை 72.6. நாம் பள்ளியில் ஒரே வரியில் மனப்பாடம் செய்த விஷயம் இது.

நான் பி.இ. படித்த இடத்தில் லேபில் ரீடிங் இடித்தால் அதைச் சரிக்கட்டி எழுதுவதுதான் பழக்கம். சீனியர் ரெக்கார்டு நோட்டில் என்ன விடை இருக்கிறதோ அதற்குப் பக்கத்தில் வருகிற மாதிரி ரீடிங் போட்டால் கையெழுத்து கிடைக்கும். ஃப்ரைபெர்க்கில் முதல் பருவத்திலேயே இது தலைகீழாக மாறியது. எங்கள் குழுவின் ரிப்போர்ட்டில் ஒரு கடினத்தன்மை அளவு மட்டும் மற்றவற்றோடு சேராமல் தனியாக நின்றது. லேபைப் பார்த்துக்கொண்ட ஆராய்ச்சி மாணவி அதை வட்டம் போட்டு, "இதுதான் இந்த ரிப்போர்ட்டிலேயே சுவாரசியமான எண், இதைப் பற்றி ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை?" என்று கேட்டார். போய் அந்தத் துண்டைத் திரும்ப மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், கடினத்தை அளக்க அழுத்தியதில் அச்சு விழுந்த இடத்துக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை, வார்ப்பில் விழுந்தது. அதைக் கண்டுபிடித்து எழுதியதற்குத்தான் பாராட்டு வந்தது.

இரும்புத் துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கத் தயார் செய்வது பொறுமையான வேலை. முதலில் வெல்டோடு சேர்த்துக் குறுக்காக வெட்ட வேண்டும், தண்ணீர் ஊற்றிக்கொண்டே, இல்லாவிட்டால் வெட்டும் சூட்டிலேயே உள்ளமைப்பு மாறிவிடும். பிசினில் பதித்து, உப்புத்தாளில் சொரசொரப்பானதில் தொடங்கி நைசானது வரை ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டும். ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குப் போகும்போது துண்டைத் தொண்ணூறு டிகிரி திருப்பிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் பழைய கீறல் போய்விட்டதா என்று தெரியும். அப்புறம் வைரத் தூள் பசையில் மூன்று மைக்ரான், ஒரு மைக்ரான் என்று மெருகேற்றினால் முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும். அந்த நிலையில் மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஒன்றுமே தெரியாது. ஆல்கஹாலில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் கலந்த கரைசலில் சில வினாடி தோய்த்து, கழுவி, காற்றில் உலர்த்திவிட்டு வைத்தால்தான் இரும்பின் மணிகளும் அவற்றின் எல்லைக் கோடுகளும், கோடையில் வெடித்த ஏரி மண் மாதிரி, கண் முன்னால் வந்து நிற்கும்.

வெல்டை ஒட்டிய பகுதி அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பகுதி உருகவில்லை, ஆனால் உருகும் அளவுக்குக் கிட்டே சூடேறி, சுற்றியிருக்கும் குளிர்ந்த இரும்பு சூட்டை இழுத்துக்கொண்டதால் சட்டென்று ஆறிவிட்டது. வலுவான எஃகு இப்படி ஆறினால் உள்ளே ஊசி ஊசியாக மார்ட்டென்சைட் என்ற உள்ளமைப்பு உருவாகும், கடினமாக இருக்கும், ஆனால் வளையாது. இதோடு ஈரம் ஏறிய வெல்டிங் ராடில் வெல்டு வைத்தால் ஹைட்ரஜன் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஏற்கெனவே இழுவிசை இருக்கும் இடம், வளையாத உள்ளமைப்பு, ஹைட்ரஜன், இந்த மூன்றும் சேர்ந்தால் வெல்டு போட்ட மறுநாள்கூட விரிசல் விடலாம். அப்பா சொன்ன "சூடு தாங்கல" என்பதில் பாதி உண்மை இருந்திருக்கிறது. அன்றைக்கு லேபிலிருந்தே அவருக்கு வீடியோ கால் போட்டு மானிட்டரைக் காட்டினேன். ராடைக் காய வைத்து எடுக்க வேண்டும், கெட்டியான தகடு என்றால் முன்கூட்டியே கொஞ்சம் சூடேற்றிக்கொள்ள வேண்டும் என்று பெரிய மேஸ்திரி சொல்லிக்கொண்டே இருப்பாராம், காரணம் மட்டும் யாருக்கும் தெரியாதாம். "அட, அந்த ஆளு சரியாத்தான சொல்லியிருக்காரு" என்றார் அப்பா. என் படிப்பு அவருக்கு முழுசாகப் புரிந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது பரீட்சை. நம்மூரில் திருத்திய தாளை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாலே பணம் கட்டி நகல் வாங்கி, அப்புறம் மறுமதிப்பீட்டுக்குத் தனியாகக் கட்டி, காத்திருக்க வேண்டும். அங்கே ரிசல்ட் வந்ததும் ஒரு தேதி அறிவிப்பார்கள், அன்றைக்குப் போய் உங்கள் விடைத்தாளை உட்கார்ந்து பார்க்கலாம். ஐன்சிஷ்ட் என்பார்கள். காசு கிடையாது, யார் சிபாரிசும் வேண்டாம், மாணவரின் உரிமை அது. நான் முதலில் போனது வெப்ப இயக்கவியல் தாளுக்கு. போனை வெளியே வைத்துவிட்டு உள்ளே போனால், என் தாளும் விடைக் குறிப்பும் மேஜையில் இருக்கின்றன. மூன்றாவது கேள்வியில் நான் வேறு வழியில் போட்டிருந்தேன், வழி சரி, கடைசி வரியில் மட்டும் குறி தப்பு, ஆனால் முழுக் கேள்விக்கும் சைபர். பக்கத்தில் இருந்த வெள்ளைத் தாளில் அதை எழுதிக் கொடுத்தேன். திருத்தியவர் வந்து என்னோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்துவிட்டு, "இந்த வழியை நான் எதிர்பார்க்கவில்லை, நன்றாக இருக்கிறது" என்று சொல்லி மார்க்கைச் சேர்த்தார். மதிப்பெண் உயர்ந்த சந்தோஷத்தை விட, மதிப்பெண் போட்டவரிடம் நேருக்கு நேர் உட்கார்ந்து இது தப்பில்லை என்று பேச முடிந்ததே, அதுதான் எனக்குப் பெரிசு. நம் பிள்ளைகளுக்கு இது ஏன் கிடைக்கக் கூடாது என்று எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

சில பாடங்களுக்கு எழுத்துத் தேர்வே இல்லை, வாய்மொழிதான். பேராசிரியர், குறிப்பெடுக்க ஒருவர், நீங்கள், ஒரு வெள்ளைத் தாள், அரை மணி நேரம். மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கத் தொடங்கினால் இரண்டாவது வாக்கியத்திலேயே "ஏன்?" என்று நிறுத்துவார். தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லிவிட்டு, இப்படி யோசித்தால் இப்படி வரலாம் என்று படம் போட்டுக் காட்டினால், அவரும் ஒரு குறிப்புக் கொடுத்துக் கூடவே வருவார். தேர்வு அறையிலேயே புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு வெளியே வரலாம் என்பதை அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், அவர்களின் அம்மா அப்பாவும் இதைப் படித்தால் நல்லது. நான் பி.இ. படித்த ஹாஸ்டலில் சாயங்காலம் ஆறரைக்கு கேட் பூட்டிவிடுவார்கள். பசங்க ஒன்பது மணி வரை வொர்க்‌ஷாப்பில் வண்டி செய்துகொண்டிருப்பார்கள், கார் போட்டிக்குப் போனதும் அவர்கள்தான், எங்கள் பெயர் பட்டியலில் மட்டும் இருக்கும். ஃப்ரைபெர்க்கில் மாணவ உதவியாளர் வேலையில் சேர்ந்த வாரமே லேப் சாவியைக் கையில் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அமிலம் கையாளும்போது மட்டும் தனியாக இருக்கக் கூடாது, அது எல்லோருக்கும் பொது விதி. மற்றபடி எத்தனை மணிக்கு வருகிறாய், போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மெஷினை அணைத்து, கதவைப் பூட்டிவிட்டு, பனியில் நடந்து ரூமுக்குப் போகும்போது, என் வேலைக்கு நானே பொறுப்பு என்ற நிமிர்வு இருக்கிறதே, அது நம் ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் இருபத்திரண்டு வயதுக்குள் கிடைத்தாக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கூடப் படித்தவர்கள் ஈரான், கொலம்பியா, வியட்நாம், துருக்கி என்று பல ஊர்க்காரர்கள். ஒரே ரூமில் நாலு நம்மூர்ப் பிள்ளைகளாகச் சேர்ந்து இருந்தால் சமையல் சுலபம், வாடகை குறையும், தப்பே இல்லை, ஆனால் புராஜெக்ட் குழுவிலாவது வெளியாட்களோடு சேருங்கள். ஜெர்மன் பிள்ளைகள் "இந்தப் பகுதி சரியில்லை, திரும்ப எழுத வேண்டும்" என்று முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். முதலில் சுருக்கென்று இருக்கும். பத்து நிமிஷத்தில் அதே ஆள் கேண்டீனுக்குக் கூப்பிடுவான். வேலையைச் சொல்வது வேறு, ஆளைச் சொல்வது வேறு என்பது அங்கே தெளிவாக இருக்கிறது.

படிக்க ஊர் தாண்டிப் போவது இன்று நேற்று வந்ததும் இல்லை. பின்னால் பெரிய விஞ்ஞானியான லொமனோசொவ் ஃப்ரைபெர்க்கில் தங்கிப் படித்ததை இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். ரஷ்யாவின் வடகோடியில் ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை. 1736இல் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகம் அவரை ஜெர்மனிக்குப் படிக்க அனுப்பியது, மார்பர்கில் படித்துவிட்டு 1739இல் தாதுக்களைப் பற்றிக் கற்க இங்கே வந்தார். பல்கலைக்கழகமே அப்போது கிடையாது, ஒரு நிபுணரின் ஆய்வகம் மட்டும்தான். ஆசிரியரோடு பணத் தகராறில் சண்டை போட்டுக்கொண்டு அடுத்த வருஷமே கிளம்பியும் போய்விட்டார். ஊர் திரும்பிய அந்த ஆளின் திட்டப்படிதான் 1755இல் மாஸ்கோ பல்கலைக்கழகம் தொடங்கியது.

சரி, பணம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, ஒவ்வொரு பருவத்துக்கும் நூறிலிருந்து நானூறு யூரோ வரை ஒரு பங்களிப்புத் தொகை கட்டினால் போதும். ஆனால் எல்லா இடத்திலும் இலவசம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து அவர்களிடம் முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. மற்ற இடங்களிலும் மாறலாம், அந்தந்தப் பல்கலைக்கழகத் தளத்திலேயே போய்ப் பாருங்கள்.

விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ காட்ட வேண்டும், 2024 செப்டம்பரிலிருந்து இதுதான் தொகை. எங்கள் வீட்டில் பெரிய பயமே இதில்தான் வந்தது. "அத்தனை பணத்தையும் கட்டிட்டா, அப்புறம் அது நமக்குத் திரும்பி வருமா கண்ணு?" என்று அப்பா கேட்டார். வரும். அது கட்டணம் இல்லை, உங்கள் பணம்தான், அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக உங்கள் கைக்கே வந்துவிடும், வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் அதில்தான். மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். படித்து முடித்ததும் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். ஆனால் முதல் வருஷச் செலவைப் பார்ட் டைமை நம்பித் திட்டமிடாதீர்கள், ஜெர்மன் பேசத் தெரியாமல் சின்ன ஊரில் வேலை கிடைப்பது கஷ்டம். இங்கேயே ஜெர்மன் மொழியில் ஏ2 நிலை வரை முடித்துவிட்டுப் போங்கள், முடிந்தால் பி1.

உதவித்தொகையைத் தேடாமலே கடனுக்கு ஓடுபவர்கள் நிறைய. ஐரோப்பிய ஒன்றியம் தரும் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ தந்து இரண்டு மூன்று நாடுகளில் படிக்க வைப்பார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு நம் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் இருக்கிறது, தகுதி உள்ளவர்களுக்கே அது தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன், தெரிந்தவர்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

கன்சல்டன்சி விஷயத்தில் கவனம். எல்லோரும் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் சில தனியார் கல்லூரிகள் சேர்த்துவிடும் ஆளுக்கு கமிஷன் தருகின்றன, அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக அப்படித் தருவதில்லை, அப்போது உங்களுக்கு எது சிபாரிசாக வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிப்பது நீங்களே செய்யக்கூடிய வேலைதான். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தருவது) கட்டாயம், அதை முதலில் போட்டு வைத்துவிடுங்கள், மற்றது பின்னால் வரும்.

கஷ்டமும் உண்டு. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, ஊரில் ஒரு சாவு என்றால் வர முடியாது. என் அப்பத்தா போனபோது நான் அங்கேதான் இருந்தேன். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத முடியவில்லை.

2023-24 குளிர்காலப் பருவத்தில் மட்டும் ஜெர்மன் உயர்கல்வி நிறுவனங்களில் 49,000-க்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள் இருந்தார்கள், வெளிநாட்டு மாணவர்களில் நம் ஆட்கள்தான் முதலிடம். இத்தனை பேர் போகும்போது நாமும் போய்விடுவோம் என்று கிளம்பாதீர்கள். ஒவ்வொரு படிப்புக்கும் மாட்யூல் கையேடு என்று ஒன்று பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும், எந்தப் பாடத்தில் என்ன சொல்லித் தருவார்கள், எழுத்துத் தேர்வா வாய்மொழியா, லேப் எத்தனை மணி நேரம் என்று எல்லாம் அதில் இருக்கும். ஊர் எது, சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால் அதை ஒரு சனி ஞாயிறு உட்கார்ந்து படியுங்கள். உங்கள் மனதில் பல வருஷமாகக் கிடக்கும் ஒரு கேள்விக்கு அதில் எந்தப் பாடமாவது கிட்டே வருகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு மெசேஜ் போடுங்கள், எந்தப் பாடம், ஏன் என்று எழுதுங்கள், அங்கிருந்து பேசத் தொடங்கலாம்.